காயப்படுத்தியவரோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டே மனம் தேறுவது எப்படி

மனக்காயத்துக்கான ஆலோசனைகளில் பெரும்பாலானவை, காயப்படுத்துகிறவரை விட்டு விலகிவிடுங்கள் என்றுதான் தொடங்குகின்றன. விலக முடிந்தவர்களுக்கு அது நல்ல ஆலோசனை. ஆனால் சுடுசொல் சொன்னவர் பெற்ற அப்பாவாகவோ, கூடப்பிறந்த அண்ணனாகவோ, மாமியாராகவோ இருக்கும்போது, அவர் தாளித்த குழம்பைத்தான் மதியம் சாப்பிடுகிறோம். அவர் குளித்துவிட்டு வரும்வரை குளியலறை வாசலில் துண்டோடு காத்திருக்கிறோம். அவருக்குச் சர்க்கரை மாத்திரை வாங்கிவர நாம்தான் கடைக்குப் போகிறோம். அப்படிப்பட்ட வீட்டில் இருந்துகொண்டே எப்படித் தேறுவது என்பதை, நான் பட்டுத் தெரிந்துகொண்டதையும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

எனக்கு வேலை போயிருந்த வருடம் அது. அக்காவும் அத்தானும் வந்திருந்த ஓர் இரவில், கூடத்தில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நான் இரண்டாம் முறை ரசம் கேட்டேன். அப்பா தலையைத் தூக்காமலே, "சம்பாதிக்கிறவன் கேக்கலாம்" என்றார். யாரும் எதுவும் பேசவில்லை. அம்மா கரண்டியோடு ஒரு கணம் நின்றுவிட்டு, பிறகு ரசத்தை ஊற்றினார். அத்தான் தன் எவர்சில்வர் தட்டைச் சற்று நகர்த்திக்கொண்டார். அது சிமெண்டுத் தரையில் உரசிய சத்தம் மட்டும் கேட்டது. அதற்குப் பிறகு ஏறக்குறைய மூன்று வருடங்கள், எந்த வீட்டில் தட்டு தரையில் உரசினாலும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்; சோறு இறங்காது.

மேலே போவதற்கு முன் ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிட வேண்டும். கைநீட்டுவது, அறையில் பூட்டி வைப்பது, சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, உயிருக்கு மிரட்டல் விடுவது போன்றவை நடக்கிற வீட்டில் முதல் வேலை பாதுகாப்புதான்; மனம் தேறுவதெல்லாம் அதற்குப் பிறகு. இந்தியாவின் 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், பெண்ணை அடிப்பதை மட்டுமல்லாமல், இழிவுபடுத்திப் பேசுவதையும் மிரட்டுவதையும் வன்முறை என்றே சொல்கிறது. அத்தகைய நிலையில் இருக்கும் பெண்கள் இந்தியாவில் 181 என்ற உதவி எண்ணை அழைக்கலாம். இந்தக் கட்டுரையில் நான் பேசுவது, உயிர்பயம் இல்லாத, ஆனால் ஒரு சொல்லோ ஒரு புறக்கணிப்போ உள்ளே தங்கி உறுத்திக்கொண்டே இருக்கிற வீடுகளைப் பற்றி.

வலி உண்மையானதுதான்

இப்படிக் காயப்பட்டவர்கள் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி, "ஒரு வார்த்தைக்கா இவ்வளவு?" என்பதுதான். அந்தக் கேள்வியே இரண்டாவது காயமாகிவிடுகிறது. 2003இல் அமெரிக்காவில் நவோமி ஐசன்பெர்கரும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வு செய்தார்கள். மூளையைப் படம்பிடிக்கும் கருவிக்குள் படுத்திருந்தவர்கள், வேறு இருவரோடு கணினியில் பந்து வீசி விளையாடுவதாக நம்பவைக்கப்பட்டார்கள். சிறிது நேரத்தில் அந்த இருவரும் தங்களுக்குள்ளேயே பந்தை வீசிக்கொண்டு இவர்களை ஒதுக்கிவிட்டார்கள். முன்பின் தெரியாதவர்கள் ஆடிய ஒன்றுமில்லாத விளையாட்டில் ஒதுக்கப்பட்டதற்கே, உடல் வலியின் வேதனையோடு தொடர்புடைய மூளைப்பகுதி அவர்களிடம் கூடுதலாக இயங்கியது. அப்படியிருக்க, இருபது முப்பது வருடம் கூட வாழ்ந்தவர் நாலு பேர் முன்னால் ஒதுக்கிப் பேசும்போது எவ்வளவு வலிக்கும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் தொட்டாற்சிணுங்கி அல்ல. இதை முதலில் ஏற்றுக்கொண்டால்தான் மற்ற வேலைகளைத் தொடங்க முடியும்.

சொல் விழுந்த அந்த நேரத்தில்

உடனே பதில் சொல்லாதீர்கள். உடனே சிரித்து மழுப்பவும் செய்யாதீர்கள். அந்த இடத்தைவிட்டு ஐந்து நிமிடம் எழுந்து போவதற்கு ஒரு காரணத்தை முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். குடத்தில் தண்ணீர் எடுத்து வருவது, மாடியில் காயும் துணியை எடுப்பது, கேட்டைப் பூட்டிவிட்டு வருவது என்று எதுவாகவும் இருக்கலாம். தனியே வந்ததும் மூச்சை மெல்ல இழுத்து, இழுத்ததைவிட நீளமாக விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவுக்கு வேகம் குறையும்போது, படபடப்பு தணிவதைச் சில நிமிடங்களில் உணரலாம். இது காயத்தை ஆற்றாது. ஆனால் கோபத்தில் நாமே இன்னொரு காயத்தை உண்டாக்கிவிடாமல் தடுக்கும், அந்த நேரத்தில் அது போதும்.

அன்றைக்கே யாரிடமாவது புலம்பவேண்டும் என்று தோன்றும். நம்பிக்கையான ஒருவர் இருந்தால் சொல்லுங்கள். ஆனால் அதே குடும்பத்துக்குள் இருக்கிற இன்னொருவரிடம் சொல்வதை மட்டும் அன்றிரவு தள்ளிப்போடுங்கள். சொன்ன செய்தி காலையில் வேறு வடிவத்தில் அடுப்படிக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

என்ன உணர்வு என்று பேர் சொல்லுங்கள்

எதைக் கேட்டாலும் "கஷ்டமா இருக்கு" என்று சொல்லிப் பழகிவிட்டோம். பசியில்லாததும் கஷ்டம், பக்கத்து வீட்டுக்காரன் பைக் வாங்கியதும் கஷ்டம், அப்பா பேசாததும் கஷ்டம். உணர்வுக்குச் சரியான பெயர் சொல்வதே அதன் வேகத்தைக் குறைக்கிறது என்பதை 2007இல் மேத்யூ லீபர்மன் என்பவரின் குழு மூளைப் படங்களின் வழியாகக் காட்டியது: கோபமான முகத்தைப் பார்த்தவர்கள் அதற்கு ஒரு சொல்லைப் பொருத்தியபோது, மூளையில் அச்சத்தோடும் பதற்றத்தோடும் தொடர்புடைய பகுதியின் இயக்கம் தணிந்தது.

இதற்கு வேண்டிய சொற்கள் நம் மொழியில் ஏராளமாக இருக்கின்றன. நாம் எடுத்துப் பயன்படுத்துவதில்லை. நாலு பேர் பார்க்கக் குறுகிப் போனது அவமானம். நெருங்கியவர் இப்படிச் செய்துவிட்டாரே என்று, உறவை முறித்துக்கொள்ளாமலே உள்ளே வைத்திருப்பது மனத்தாங்கல். செய்ய வேண்டியது தெரிந்தும் செய்ய வழியில்லாமல் துடிப்பது ஆற்றாமை. வெளியே காட்டாமல் உள்ளே கொதிப்பது குமுறல். கிடைக்க வேண்டியது கிடைக்கவில்லை என்று காத்துக் கிடப்பது ஏக்கம். என்றைக்காவது பதிலுக்குச் செய்ய வேண்டும் என்று பொத்தி வைத்திருப்பது வன்மம். இவை ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. அவமானத்துக்கு மரியாதை தேவைப்படுகிறது. ஏக்கத்துக்கு அன்பு தேவைப்படுகிறது. ஆற்றாமைக்குச் செய்யக்கூடிய ஏதேனும் ஒரு செயல் தேவைப்படுகிறது. நான் பல மாதங்கள் அப்பாமேல் கோபமாக இருப்பதாகவே நினைத்திருந்தேன். ஒருநாள் உட்கார்ந்து யோசித்தபோதுதான், அது கோபமே இல்லை, ஏக்கம் என்று புரிந்தது. வேலை போன அன்று அவர் என் தோளைத் தொட்டு ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்திருந்தேன். அந்த எதிர்பார்ப்பு அப்படியே நின்றிருந்தது.

இரவு படுப்பதற்கு முன் ஒரு நிமிடம், இன்று மனத்தில் இருப்பது எது என்று மேற்சொன்னவற்றில் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று பொருந்தாவிட்டால் இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான்கு நாள் எழுத்து

என்னளவில் மிகுதியாக உதவியது இதுதான் என்பதால், சற்று விரிவாகச் சொல்கிறேன். 1986இல் ஜேம்ஸ் பென்னிபேக்கர், சாண்ட்ரா பீல் என்ற இருவர் கல்லூரி மாணவர்களைக் கொண்டு செய்த ஆய்வில், ஒரு பிரிவினர் தங்கள் வாழ்வில் மிகவும் புண்படுத்திய நிகழ்வைத் தொடர்ந்து நான்கு நாட்கள், நாளுக்குப் பதினைந்து நிமிடம் எழுதினார்கள். நடந்ததையும் அப்போது உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள், எழுதி முடித்த கையோடு முன்பைவிட வருத்தமாகத்தான் இருந்தார்கள். ஆனால் அடுத்து வந்த ஆறு மாதங்களில் அவர்கள் மருத்துவ மையத்துக்குப் போனது குறைவாக இருந்தது. அதன் பிறகு பல நாடுகளில் இம்முறை சோதிக்கப்பட்டிருக்கிறது. எல்லாருக்கும் ஒரே அளவு பலன் கிடைக்கவில்லை என்றாலும், செலவில்லாமல் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடியது.

செய்யும் முறை எளிது. ஓர் அரைக்குயர் நோட்டு போதும். நடந்தது என்ன, யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், என்ன சொன்னார்கள், உடம்பில் எங்கே என்ன ஆயிற்று, அதன்பின் நான் எப்படி மாறினேன் என்று கை ஓடுகிறபடி எழுதுங்கள். எழுத்துப்பிழை, கையெழுத்து எதையும் பார்க்க வேண்டாம். பேச்சுத் தமிழிலேயே எழுதுங்கள். திட்டத் தோன்றினால் திட்டி எழுதுங்கள். பதினைந்து நிமிடத்துக்கு மணி வைத்துக்கொண்டு, அடித்ததும் நிறுத்திவிடுங்கள். நம் வீடுகளில் பூட்டுப் போட்ட அலமாரி எல்லாருக்கும் இருக்காது. ஆகவே எழுதிய தாளைக் கிழித்து வெந்நீர் அடுப்பில் போட்டுவிடலாம், நனைத்துக் கசக்கிக் குப்பையில் சேர்க்கலாம். பலன் எழுதுவதில்தான் இருக்கிறது. யாராவது எடுத்துப் படித்துவிடுவார்களோ என்ற பயத்தோடு எழுதினால் பாதிதான் எழுதுவோம்.

நான் முதல் நாள் எழுதியது முழுக்க அப்பாவைப் பற்றி. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் அந்த இரவை மறுபடி வரிசையாக எழுதிக்கொண்டு வந்தபோது, அம்மா கரண்டியோடு நின்ற அந்த ஒரு கணத்தில் என் பேனா நின்றுவிட்டது. எனக்கு வலித்தது அப்பா சொன்னது மட்டுமல்ல. அம்மா ஒன்றும் சொல்லாமல் ரசத்தை ஊற்றியதும்தான் என்று அன்றைக்குத் தெரிந்தது. மூன்று வருடம் தவறான இடத்தில் மருந்து தடவிக்கொண்டிருந்திருக்கிறேன். நான்காம் நாள் எழுதியது அம்மாவைப் பற்றி, அவர் அந்த வீட்டில் நாற்பது வருடமாக எத்தனை முறை அப்படிக் கரண்டியோடு நின்றிருப்பார் என்பதைப் பற்றி. அந்த வாரத்தில்தான் அம்மாவோடு மீண்டும் இயல்பாகப் பேசத் தொடங்கினேன்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பெரிய விபத்து, மரணம், பாலியல் தாக்குதல் போன்றவை நடந்து சில நாட்களே ஆகியிருந்தால் தனியாக உட்கார்ந்து இதைச் செய்ய வேண்டாம். எழுதும்போது மூச்சு முட்டினாலோ, நடந்தது மறுபடி இப்போதே நடப்பதுபோல் தோன்றினாலோ உடனே நிறுத்திவிட்டு, அடுத்த முறை பயிற்சி பெற்ற ஒருவரின் துணையோடு தொடருங்கள்.

அசைபோடுவதை நிறுத்துவது

யோசிப்பதும் அசைபோடுவதும் பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருக்கும். கடந்த பத்து நிமிடத்தில் புதிதாக ஏதாவது தோன்றியதா என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் அது அசைபோடுதல். "நினைக்கவே கூடாது" என்று பல்லைக் கடிப்பதால் பயனில்லை. வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள் என்று உளவியலாளர் டேனியல் வெக்னர் சொல்லிவைத்தவர்களுக்கு அந்தக் கரடி திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது என்பது 1987இல் வெளிவந்த அவரது ஆய்வின் முடிவு. அதற்குப் பதிலாக நினைப்பதற்கென்று ஒரு நேரத்தை ஒதுக்குங்கள்: மாலை ஆறு மணி, மொட்டைமாடி, இருபது நிமிடம். மற்ற நேரத்தில் நினைவு வந்தால், சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடுங்கள். பல நாட்களில் மாலை வரும்போது நினைக்க அவ்வளவாக ஒன்றும் மிஞ்சியிருக்காது.

பொழுதைக் கட்டிக்கொள்வது

மனம் சரியான பிறகு வேலை செய்யலாம் என்று காத்திருப்பது நம்மை மேலும் கீழே இழுக்கும். மனநிலைக்காகக் காத்திராமல் கடிகாரத்தைப் பார்த்துச் செயலைத் தொடங்கினால் மனநிலை பின்னாலேயே வரும் என்பது மனச்சோர்வுக்கான உளவியல் சிகிச்சையில் நன்கு சோதிக்கப்பட்ட வழிகளுள் ஒன்று. காலை ஆறரைக்குப் பால் வாங்கப் போவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, குளத்தைச் சுற்றி இரண்டு சுற்று நடப்பது என ஒரே ஒரு செயலில் தொடங்குங்கள். அதைச் செய்யப் பிடித்திருக்கிறதா என்று ஒரு வாரத்துக்குக் கேட்கவே வேண்டாம். தூக்கத்துக்குப் போகும் நேரம் மாறினாலும் எழும் நேரத்தை மாற்றாதீர்கள். காயப்படுத்தியவர்மேல் உள்ள கோபத்துக்காகச் சாப்பாட்டைத் தவிர்க்காதீர்கள். அவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

அவரிடம் பேசுவது, பேசாமல் இருப்பது

பேசியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மன்னித்தால்தான் தேறமுடியும் என்று சொல்பவர்களையும் நான் நம்பவில்லை. மன்னிப்பு பின்னால் வரலாம், வராமலும் போகலாம், இரண்டு நிலையிலும் மனம் தேறும். பேசுவதென்று முடிவு செய்தால், சாப்பாட்டு நேரத்தையும் விருந்தாளிகள் இருக்கும் நேரத்தையும் தவிர்த்து, அவர் மட்டும் ஓய்வாக இருக்கும்போது பேசுங்கள். நடந்த ஒன்றை மட்டும் சொல்லுங்கள். பழைய கணக்கு எல்லாவற்றையும் திறக்காதீர்கள். "அப்பா, அன்னைக்கு அத்தான் முன்னாடி நீங்க அப்படிச் சொன்னது எனக்கு ரொம்ப அவமானமா இருந்துச்சு. ஏதாவது சொல்லணும்னா என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லுங்க." இவ்வளவு போதும். நிகழ்வு, அதனால் எனக்கு ஆனது, இனி வேண்டுவது என்ற மூன்றும் அதில் வந்துவிடுகின்றன.

மாமியாரிடம் மருமகள் இப்படி நேராகப் பேசுவது பல வீடுகளில் எளிதல்ல. அங்கே கணவர்தான் பேசவேண்டும். "அவ வருத்தப்படுறா" என்று மனைவியை முன்னிறுத்தாமல், "எனக்கு இது பிடிக்கலைம்மா" என்று தன் வார்த்தையாகவே பேசவேண்டும். இந்த ஒரு வேறுபாடு பல வீடுகளில் சண்டைக்கும் சமாதானத்துக்கும் இடையே நிற்கிறது.

நம் பெரியவர்கள் "மன்னிச்சிடு" என்று சொல்வது அபூர்வம். நான் சொன்னதற்கு அப்பாவும் பதில் எதுவும் சொல்லவில்லை, செய்தித்தாளைப் புரட்டினார். இரண்டு நாள் கழித்து மாம்பழத்தை நறுக்கி, சதைப்பற்றான இரண்டு துண்டுகளைத் தனியாக ஒரு கிண்ணத்தில் போட்டு என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அதை நான் மன்னிப்பாக எடுத்துக்கொண்டேன். உங்கள் வீட்டில் வைக்கப்படும் கிண்ணம் உங்களுக்குப் போதவில்லையென்றால், போதவில்லை என்பதும் நியாயமே. அதற்காகக் குற்றவுணர்வு கொள்ள வேண்டாம். அப்போது பேசக்கூடிய விஷயங்களின் எல்லையைச் சுருக்கிக்கொள்ளுங்கள். மாத்திரை, கரண்டுப் பில், மழை ஆகியவற்றைப் பற்றிப் பேசலாம். சம்பளத்தையும் கல்யாணத்தையும் பற்றிய பேச்சு வந்தால் எழுந்து போய்விடலாம்.

வெளி உதவி எப்போது

பெரும்பாலான நாட்களில் மனம் சோர்ந்திருப்பது, பிடித்தவற்றில்கூட ஆர்வம் இல்லாதது, தூக்கமும் பசியும் மாறிப்போனது, தன்னால் எதற்கும் பயனில்லை என்ற எண்ணம் ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு வீட்டு வைத்தியம் போதாது. சாகலாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரமும் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே உதவி கேளுங்கள். இந்தியாவில் 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா அமைப்பு தற்கொலை எண்ணம் உள்ளவர்களுக்குக் காது கொடுக்கிறது. இலங்கையில் இருப்பவர்கள் 1926 என்ற மனநல உதவி எண்ணை அழைக்கலாம். தமிழ்நாட்டின் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது; செலவை எண்ணித் தயங்க வேண்டாம். வெளியே தெரிந்துவிடும் என்று அஞ்சுபவர்களுக்கு ஒன்று: இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம், சிகிச்சை பெறுபவரின் விவரங்கள் ரகசியமாக வைக்கப்படவேண்டும் என்பதை அவரது உரிமையாகவே ஆக்கியிருக்கிறது.

மாத்திரை எழுதித் தருபவர் மனநல மருத்துவர். பேச்சு வழியாகச் சிகிச்சை தருபவர் உளவியலாளர். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் முழுமையாக வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். முதல் வாரத்தில் ஒன்றும் தெரியவில்லையென்று நிறுத்திவிடுவதும், கொஞ்சம் தேறியதும் தாமாகவே நிறுத்திவிடுவதும் பலர் செய்யும் தவறு. எதுவானாலும் மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

விசேஷ நாட்களுக்கு முன்கூட்டியே

ஆறிவிட்டது என்று நினைத்திருக்கும் புண், தீபாவளிக்கோ ஒரு வளைகாப்புக்கோ எல்லாரும் கூடும்போது மறுபடி கிளறப்படும். இது பின்னடைவு இல்லை; பழைய இடமும் பழைய ஆட்களும் ஒன்றுசேரும்போது பழைய வலியும் எட்டிப் பார்ப்பது இயல்பு. ஆகவே கிளம்புவதற்கு முந்தைய இரவே மூன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: யார் பக்கத்தில் உட்காரப் போகிறேன், எத்தனை மணிக்குக் கிளம்பப் போகிறேன், பேச்சு அந்தத் திசைக்குத் திரும்பினால் எழுந்துபோக என்ன வேலையை வைத்திருக்கிறேன். போன ஆவணியில் அக்கா மகளின் நிச்சயதார்த்தத்துக்குப் போனபோது, தாய்மாமாவின் பக்கத்தில் இடம் பார்த்துக்கொண்டேன். யாரோ என் சம்பளத்தைக் கேட்கத் தொடங்கியதும் எழுந்து, பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பையனிடமிருந்து ஜக்கை வாங்கிக்கொண்டு, கடைசி வரிசை வரைக்கும் ஊற்றிக்கொண்டே போனேன். அங்கே உட்கார்ந்திருந்த அப்பா டம்ளரை நீட்டினார், ஊற்றினேன்.